தோற்றவன் வீட்டு வாசல்

எழுபது வயதை நெருங்குகிற ஓர் ஆள், "இந்த வாரம் காதல் நாவல் படித்தேன்" என்று எழுதினால், வழக்கமாகப் படிக்கிற நண்பர்களில் நாலு பேராவது போன் போட்டுச் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அதுவும் சாதாரணக் காதல் நாவல் இல்லை, விளையாட்டுக் காதல் நாவல். ஆங்கிலத்தில் இதற்கென்றே தனி வகை இருக்கிறதாம். 'ஸ்போர்ட்ஸ் ரொமான்ஸ்' என்கிறார்கள்.

கல்லூரியில் படிக்கும் என் பேத்தி லீவுக்கு வந்தபோது விட்டுப்போன புத்தகம் அது. ஹன்னா கிரேஸ் என்ற இங்கிலாந்துப் பெண்மணி எழுதி 2022-ல் வந்த 'ஐஸ்பிரேக்கர்'. கதை அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடக்கிறது. பனித்தரையில் சறுக்கி ஆடும் ஒரு பெண். ஐஸ் ஹாக்கி அணியின் கேப்டன் ஒரு பையன். இரண்டு கூட்டமும் ஒரே அரங்கைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டிய நிலை. முதலில் முறைப்பு, அப்புறம் சிரிப்பு, அப்புறம் காதல். நம் ஊரில் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சும்போது இரண்டு குடும்பத்துக்குள் முதலில் சண்டையும் பிறகு சம்பந்தமும் வருகிற மாதிரிதான். என் வயதுக்கு ஒவ்வாத பக்கங்கள் சில இருந்தன. அவற்றை வேகமாகப் புரட்டிவிட்டேன் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

என்னை நிறுத்திய விஷயம் காதல் இல்லை. அந்தப் பெண் ஒலிம்பிக் கனவோடு இருப்பவள். அவளுக்கு மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். நான் சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் டாக்டரைப் பார்க்கப் போவதுபோல அவள் அவரிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறாள். கதையில் யாரும் அதற்காக அவளைப் பைத்தியம் என்று சொல்வதில்லை. ஒளித்து மறைத்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போவதில்லை. இது எனக்குப் புதிதாக இருந்தது. ஓடுகிறவன், குதிக்கிறவன், மல்லுக்கு நிற்கிறவன் என்றால் உடம்பைப் பற்றி மட்டும்தானே நாம் கேட்கிறோம். "கால் சரியாயிடுச்சா?" என்று கேட்போம். "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறோமா?

தமிழில் இப்படி ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். விளையாட்டு என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. சின்னப் புத்தகம்தான், ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். தன் அப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அடக்க பிச்சி வருகிறான். அடக்கியும் விடுகிறான். அதோடு கதை முடியவில்லை. தோற்றுப்போன காளை வெறி கொண்டு ஓட, தன் காளை தோற்றதைத் தாங்காத ஜமீன்தார் அதைச் சுட்டு வீழ்த்திவிடுகிறார். கல்லூரி நாட்களில் படித்தபோது பிச்சியின் வீரம்தான் மனதில் நின்றது. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தத் துப்பாக்கிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. வாடிவாசலில் ஒரு விதி இருக்கிறது. ஜெயிக்கிறவரை அது ஜமீன் காளை. தோற்ற பிறகு அதற்கு ஜமீனில் இடமில்லை.

சினிமாவில் விளையாட்டும் காதலும் சேர்ந்த கதைகள் நமக்கு உண்டு. 2009-ல் வந்த 'வெண்ணிலா கபடிக்குழு'வைப் பலரும் பார்த்திருப்பீர்கள். திருவிழாவுக்கு வந்த பெண் அடுத்த திருவிழாவுக்கு அவனைத் தேடிக்கொண்டு வருகிறாள். அவன் ஆடுகளத்திலேயே செத்துப்போனது அவளுக்குத் தெரியாது. 2016-ல் 'இறுதிச்சுற்று'. குத்துச்சண்டை போடும் மீன்காரப் பெண்ணும் அவளுடைய முரட்டுப் பயிற்சியாளரும். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை'. அதில் கபிலன் ஆட்டம் குலைந்து, மானம் போய், ஜெயிலுக்கும் போய், கடைசியில் சாராயத்தில் விழுகிறான். உடம்பு ஊதிப்போய் உட்கார்ந்திருக்கும் அந்தக் கபிலனைப் பார்த்தபோது, "இது நடிப்பில்லை, இந்த மாதிரி ஆளை எனக்குத் தெரியும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவன் மனைவி மாரியம்மாள் அவனை விட்டுப் போகாமல் நின்றாள். எனக்கு அந்தப் படத்தில் பெரிய குத்துச்சண்டை வீரர் அவள்தான்.

படம் என்றால் இரண்டரை மணி நேரத்தில் எழுந்துவிடலாம். நிஜத்தில் எழ எத்தனை வருஷம் ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மாவட்டக்காரர் ஒருவரே சாட்சி.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜனை மறந்திருக்க மாட்டீர்கள். செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த குடும்பம். 2006 டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். டெலிவிஷனில் பார்த்துக் கை தட்டினோம். ஊரெல்லாம் ஸ்வீட் கொடுத்தார்கள். சில நாட்களில் பாலினப் பரிசோதனை என்று ஒன்று செய்து, அதில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். அவர் மருந்து சாப்பிட்டு ஓடவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி டாக்டருக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்திருக்க வேண்டிய சமாச்சாரம் டீக்கடைப் பேச்சு ஆயிற்று.

அன்றைய முதலமைச்சர் கலைஞர் அறிவித்தபடியே 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தார். அது பெரிய காரியம். சாந்தி அந்தப் பணத்தில் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பதில் செலவழித்தார். ஆனாலும் 2007-ல் அவர் தற்கொலைக்கு முயன்றார் என்றும், காப்பாற்றப்பட்டார் என்றும் செய்தி வந்தது. 2012-ல் அதே செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்கிறார் என்று படத்தோடு பேப்பரில் வந்தது. அதன் பிறகுதான் பெங்களூரில் முறையாகப் பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார்.

தோஹாவிலிருந்து எண்ணிப் பாருங்கள். ஒரு மனுஷி தலைநிமிர்ந்து நிற்க எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது! 800 மீட்டரை இரண்டே சொச்சம் நிமிஷத்தில் ஓடியவர் அவர். கையில் பணம் இருந்தது, பயிற்சி கொடுக்கப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் உட்கார்ந்து "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்கும் ஏற்பாடு நம்மிடம் எங்கே இருந்தது? மேடையும் மாலையும் காசோலையும் நமக்குத் தெரியும். அதற்கு மேல் என்ன செய்வதென்று நமக்குத் தெரியவில்லை.

தோற்றவர்கள், பறிகொடுத்தவர்கள்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2008-ல் பெய்ஜிங்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கினாரே அபினவ் பிந்த்ரா, தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். தன் வாழ்க்கையின் பெரிய மன நெருக்கடி ஜெயித்த பிறகுதான் வந்தது என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வருஷக்கணக்கில் ஒரே ஒரு இலக்கு. அது கிடைத்துவிட்டது. மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது? அந்தச் சூனியம்தான்.

இதைப் படிக்கிற நண்பர்களில் பெரும்பாலோர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். உங்களுக்கு அந்த மறுநாள் காலை தெரியும். பிரிவு உபசார விழாவில் சந்தன மாலை, சால்வை, 'இவர் இல்லாமல் இந்த ஆபீஸ் எப்படி நடக்கப் போகிறதோ' என்ற பேச்சு, குரூப் போட்டோ. மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கம்போலக் குளித்துச் சட்டையைப் போட்ட பிறகு, போக இடமில்லை என்பது நினைவுக்கு வரும். ஆபீஸ் நடந்துகொண்டுதான் இருக்கும். நமக்கு அது 58-லோ 60-லோ வந்தது. பென்ஷன் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படியும் முதல் ஆறு மாதம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தோமா இல்லையா? ஒரு விளையாட்டுக்காரனுக்கு அந்தக் காலை 28 வயதில் வருகிறது. முட்டி போய்விட்டால் 23-லேயே வருகிறது. பென்ஷன் கிடையாது. வேறு தொழில் கற்றுக்கொள்ள நேரம் இருந்ததில்லை. இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் வாழ வேண்டும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். சீர்காழிக்குக் கிழக்கே, கடல்காற்று அடிக்கிற தூரத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே சப் போஸ்ட்மாஸ்டராக இருந்தேன்.

நம் டெல்டாவில் சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் கபடிக் காலம் தொடங்கிவிடும். தாளடியைக் கொத்திச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, நாலு மூங்கிலில் டியூப் லைட் கட்டினால் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' தயார். மைக் செட், மூட்டை மூட்டையாக வேர்க்கடலை, விடிய விடியக் கூட்டம். மன்னார்குடிப் பக்கம் வடுவூர்க்காரர்கள் வருகிறார்கள் என்றால் எதிரணிக்கு முதல் நாளே வயிற்றைக் கலக்கும். அது கபடிக்கென்றே பேர் வாங்கிய ஊர்.

எங்கள் கிராமத்து அணியில் ஒரு பையன் பாடிப் போவதில் கெட்டிக்காரன். நடுக்கோட்டைத் தாண்டினால் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி இவன் ஆட்டத்தைப் பார்க்கவே அண்ணனோடு சைக்கிள் பாரில் உட்கார்ந்து வருவாள். அண்ணன் எதிரணி ஆட்டக்காரன் என்பதுதான் வேடிக்கை! அண்ணனை இவன் தொட்டு அவுட் ஆக்கியபோது தங்கச்சி கை தட்டிவிட்டாள் என்று அந்தப் பங்குனி முழுக்க ஊர் சிரித்தது. பிறகு பேச்சுவார்த்தை, சண்டை, சமாதானம் எல்லாம் நடந்து கல்யாணமும் ஆயிற்று. நாவல் என்றால் இங்கே 'சுபம்' போட்டுவிடலாம்.

கல்யாணமான இரண்டாவது வருஷம் ஓர் ஆட்டத்தில் நாலு பேர் சேர்ந்து மடக்கியபோது இவன் முட்டி திரும்பிவிட்டது. ஜவ்வு கிழிந்துவிட்டது. நாட்டு வைத்தியர் கட்டு மூன்று மாதம். கட்டைப் பிரித்த பிறகு நடக்க முடிந்தது, பாய முடியவில்லை. அந்த நேரத்தில்தான் அவன் ஒரு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனு போட்டிருந்தான். தினமும் பதினோரு மணிக்குத் தபால் பை வரும் நேரத்துக்கு வந்து ஜன்னலோரம் நிற்பான்.

"சார், நமக்கு ஏதும் ரிஜிஸ்டர் வந்திருக்கா?"

"இன்னும் இல்லைப்பா."

"சரிங்க சார்."

இவ்வளவுதான் பேச்சு. எட்டு மாதம் இதே பேச்சு. பிறகு ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் வந்தாள்.

"சார், அவுங்க ராத்திரி தூங்குறதே இல்லீங்க. பகல்ல எந்திரிக்கிறதே இல்லீங்க. சாப்பாடு வச்சா வச்சபடி இருக்கு. கப்பையெல்லாம் எடுத்துக் கிணத்துல போட்டுட்டாங்க."

கேட்டதும் எனக்கு அந்தக் கிணறுதான் பயமாக இருந்தது. கோப்பையைப் போட்ட கை அடுத்து என்ன செய்யும்?

வீட்டுப் பெரியவர்கள் எல்லாம் செய்து பார்த்திருந்தார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். வைத்தீஸ்வரன் கோயிலில் அர்ச்சனை செய்து திருச்சாந்துருண்டை வாங்கிக் கொடுத்தார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். தையல்நாயகி சந்நிதியில் நிற்கும்போது எனக்கே பாதி நோய் விட்ட மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சுவாமிக்கு வைத்தியநாதன் என்று பேர் வைத்த நம் முன்னோர், வைத்தியத்தை வேண்டாம் என்று சொல்லவில்லையே.

பாடிப் போகிறவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூச்சு முட்டினாலும் எதிரிக்குக் காட்டக்கூடாது. கால் வலித்தால் அதைக் காட்டவே கூடாது. காட்டினால் அந்தக் காலைத்தான் பிடிப்பார்கள். சின்ன வயதிலிருந்து இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஆடுகளத்தில் இது வித்தை. வீட்டில் இதுவே விஷம் ஆகிறது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஆளாக ஒருவனை வளர்த்துவிட்டு, "ஏன் சொல்லலே?" என்று பிறகு கேட்கிறோம்.

அந்தப் பெண்தான் முடிவு எடுத்தாள். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநலத்துக்குத் தனிப் பிரிவு இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமியார் தடுத்தார். "ஊர்ல என்ன சொல்லுவாங்க, நாளைக்கு உன் கொழுந்தனுக்குப் பொண்ணு குடுப்பாங்களா?" என்றார். அவள், "முட்டியக் காட்டப் போறோம்னு சொல்லிக்குங்க அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். சீர்காழியிலிருந்து மாயவரம், மாயவரத்திலிருந்து கும்பகோணம், அங்கிருந்து தஞ்சாவூர். மூன்று பஸ். பேசாத ஒரு மனிதனை ஜன்னலோரம் உட்காரவைத்து அழைத்துக்கொண்டு போய் வந்தாள். மாதம் ஒருமுறை, ஒரு வருஷத்துக்கு மேல்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது. இது நோய், சோம்பேறித்தனம் இல்லை என்று வீட்டாருக்குப் புரியவைத்தார். நாலைந்து மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவன் வீட்டை விட்டு வந்து பள்ளிக்கூட மைதானத்தில் சின்னப் பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறு வாரம் ஒரு பையனின் காலைப் பிடித்து, "இப்படி வைக்காதடா, முட்டி திரும்பிடும்" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் எதிர்பார்த்த கடிதம் கடைசிவரை வரவில்லை. இப்போது ஐம்பதைத் தொட்டிருப்பான். சொந்தமாக நெல் அறுவடை மிஷின் ஓட்டுகிறான். தை மாதப் போட்டிகளில் விசில் ஊதுவது அவன்தான்.

இந்தக் கதையைச் சொன்னால், "பார்த்தீர்களா, மனைவியின் அன்பு குணப்படுத்திவிட்டது" என்று பலரும் சொல்கிறார்கள். காதல் நாவல்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கின்றன. நான் அப்படி நினைக்கவில்லை. அன்பு அவனைக் குணப்படுத்தவில்லை. பஸ் ஏற்றியது. குணப்படுத்தியது வைத்தியமும் காலமும். இது அன்பைக் குறைத்துச் சொல்வது ஆகாது. சர்க்கரை நோய்க்காரர் வீட்டில் மனைவியின் அன்பு மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கும், மாத்திரையாக மாறாது. அதை மாத்திரையாக்கப் பார்த்தால், நோய் குணமாகாதபோது "என் அன்பு போதவில்லை" என்று அந்தப் பெண்ணும் சேர்ந்து உடைந்துபோவாள். இரண்டு நோயாளி ஆகிவிடும்.

மனசுதானே, கொஞ்சம் தைரியமாக இருந்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் சிமோன் பைல்ஸைச் சொல்வேன். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, அணிப் போட்டியின் நடுவில் விலகிக்கொண்டார். ஆகாயத்தில் சுழலும்போது தன் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாமல் போகும் நிலை அவருக்கு வந்திருந்தது. அப்படியே குதித்திருந்தால் கழுத்து முறிந்திருக்கும். மனம் தடுமாறினால் உடம்பு எங்கே இருக்கிறதென்றே தெரியாது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பயந்தாங்கொள்ளி என்று ஏசியவர்கள் உண்டு. அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டு, 2024-ல் பாரிஸுக்குப் போய் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார்.

நம் மண்ணுக்குக் கொஞ்சம் பக்கமாகவும் வரலாம். விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தது நம் மாயவரத்தில்தான், 1969 டிசம்பரில். உலக சாம்பியனாக இருந்தவர், 2013 நவம்பரில் சென்னையில், சொந்த ஊர்க்காரர்கள் கண் முன்னால் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். பத்தே ஆட்டம், ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. வயசாகிவிட்டது, ஓய்வு பெறலாமே என்று பேசாத டீக்கடை இல்லை. 2014 மார்ச்சில் ரஷ்யாவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் எல்லோரையும் முந்தி முதலிடம் பிடித்து, மறுபடி அதே கார்ல்சனோடு ஆடும் தகுதியைப் பெற்றார். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய ஆட்டக் காரியங்களையெல்லாம் நிர்வகித்து உடன் நின்றவர் மனைவி அருணா. ஜெயித்தபோது மட்டும் உடன் நிற்க ஆயிரம் பேர் உண்டு.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதை நாம் தீபாவளி மாதிரி கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். அந்தப் பிள்ளையோடு பேடி அப்டன் என்ற மனப் பயிற்சியாளர் இருந்தார். செஸ் ஆடுகிறவனுக்குக் காய் நகர்த்தச் சொல்லித்தரத் தனி ஆள், மனதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள். காலம் மாறியிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த டிங் லிரென் உலக சாம்பியன் ஆன பிறகு மனச்சோர்வில் விழுந்து, ஆட்டத்தை விட்டு விலகி இருந்து, சிகிச்சை எடுத்தவர். அதை அவர் ஒளிக்கவில்லை. சோர்வோடு வந்து உட்கார்ந்து கடைசி ஆட்டம்வரை, பதினாலு ஆட்டம் போராடினார். ஜெயித்த பிறகு குகேஷ் முதலில் புகழ்ந்தவர்களில் டிங்கும் ஒருவர். வளர்ப்பு என்றால் அது வளர்ப்பு.

ஆகவே நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால், தமிழில் இப்படி ஒரு நாவலை யாராவது எழுத வேண்டும். பனித்தரை வேண்டாம், காய்ந்த வயலே போதும். நாயகன் கோப்பையோடு வரும் இடத்தில் முடியாமல், கோப்பையைக் கிணற்றில் போட்ட இடத்தில் தொடங்கட்டும். மனநல டாக்டர் கோமாளியாகவோ வில்லனாகவோ வராமல், மேசைக்குப் பின்னால் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் நல்ல மனிதராக வரட்டும். நாயகி மூன்று பஸ் மாறட்டும். அதைவிடப் பெரிய காதல் காட்சி எனக்குத் தெரியவில்லை.

எழுதும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நமக்கு நேரம் இருக்கிறது. ஜெயித்தவன் வீட்டுக்கு மாலையோடு போக ஊரே இருக்கிறது. தோற்றவன் வீட்டுக்கும், காலொடிந்து கிடப்பவன் வீட்டுக்கும், செலக்ஷனில் பெயர் வராத பிள்ளையின் வீட்டுக்கும் நாம் போகலாம். போய் உபதேசம் செய்ய வேண்டாம். "எங்க காலத்துல..." என்று ஆரம்பிக்கவே வேண்டாம். காபி கொடுத்தால் குடித்துவிட்டு, கிரிக்கெட்டோ மழையோ ஏதாவது பேசிவிட்டு, அவன் பேசினால் கேட்டுவிட்டு வரலாம். ஒரு முறை போனால் போதாது, மறு வாரமும் போக வேண்டும்.

தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு காதில் விழுந்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக விடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இப்போது மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். 2022 முதல் மத்திய அரசின் 'டெலி மானஸ்' இருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-ம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தப் பெண் மூன்று பஸ் மாறியதற்கு, இன்று முதல் படி ஒரு போன். இந்த இரண்டு எண்களையும் காலண்டர் ஓரத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றில்லை, ஓய்வு பெற்ற நமக்கும் உதவும்.

அடுத்த வாரம் வேறு ஒன்று எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மனசையும்.